எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது

பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் நடத்துகிறேன். அந்த வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் செல்போன் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்து மாட்டினால் போனை வாங்கி ஆசிரியர் அறை பீரோவில் பூட்டிவிட வேண்டும். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கொடுப்போம். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு திங்கட்கிழமை ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. கடைசி மேசையில் ஒரு பெண் குனிந்தபடியே இருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். மேசைக்குக் கீழே போன். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. கேட்டால் மட்டும் பேசுவாள். நான் கையை நீட்டியதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"மிஸ், ஒரே ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிட்டுத் தந்துடறேன் மிஸ். ப்ளீஸ் மிஸ்."

"யாருக்கு?"

அவள் சுற்றியிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். இருபது வருடமாகப் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறவள் நான். இது காதல் விவகாரம் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். "உங்கம்மா வரட்டும், பேசிக்கலாம்" என்று போனை வாங்கிக்கொண்டேன்.

அவளுடைய அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். அப்பா வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அன்று மாலையே அம்மா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், இந்த வாரம் ஷிப்மென்ட் இருக்கு. லீவு கேட்டா வேலைக்கே வராதேன்னுடுவாங்க. அடுத்த திங்கக்கிழமை மதியம் பர்மிஷன் போட்டு வந்துடறேன். நீங்களே பத்திரமா வச்சிருங்க, பரவால்ல" என்றார்.

பீரோவுக்குள் அந்தப் போன் சும்மா இருக்கவில்லை. செவ்வாயன்று முழுக்க இரும்புத் தட்டில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. "யாரோ துடிச்சிப் போய்ட்டான் போல" என்று தமிழாசிரியை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். புதன்கிழமை விடைத்தாள் திருத்த விடாமல் அது தொல்லை செய்ததால் பீரோவைத் திறந்து போனை அணைத்து வைத்தேன்.

அந்த வாரம் ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்றாள். "அம்மா வந்தாதான்" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அப்பாடா, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த திங்கள் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயருக்குப் பதில் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"இன்னிக்குப் பொண்ணு ஸ்கூலுக்கு வரலையே, உடம்பு சரியில்லையாம்மா?"

"என்ன டீச்சர் சொல்றீங்க? ஏழே முக்காலுக்கே கிளம்பிட்டாளே!"

அவர் இரைச்சல் இல்லாத இடத்துக்கு நடந்து வருவது கேட்டது. "ஏசப்பா" என்று ஒரு சொல் மட்டும் வந்தது.

தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினேன். கெட்டவர் இல்லை அவர். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனதற்குப் பள்ளி வாசலில் கூட்டம் கூடிக் கத்தியதைப் பார்த்தவர். அந்தப் பயம் அவருக்குள் இன்னும் இருந்தது.

"ஒரு மணி நேரம் பொறுங்க. எங்கயாவது ஃப்ரெண்ட் வீட்ல இருப்பா. இப்பவே போலீஸ்னு போனா நாளைக்கு ஸ்கூல் பேருதான் நாறும்."

"மேடம், அவ கிளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"அதான் சொல்றேன், இன்னும் ஒரு மணி நேரம்."

நான் அங்கிருந்து வெளியே வந்து பீரோவைத் திறந்தேன். போனை ஆன் செய்தேன். திரையில் ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன. கோடு எப்படி இழுத்தால் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது. ஒரு வாரம் அது என் பொறுப்பில் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தும் இப்போது ஒரு பயனும் இல்லை.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழியை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"வியாழக்கிழமை எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு மிஸ். தெரியாத அக்கவுண்ட். 'உன் ஃப்ரெண்டு ரெண்டு நாளா பதில் போடல. போடலன்னா அவ போட்டோ உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் வரும்'னு. கூடவே ஒரு போட்டோ. அவ மூஞ்சிதான். ஆனா அது அவ இல்ல மிஸ், சத்தியமா அவ இல்ல. நான் அவகிட்ட சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு கையைப் புடிச்சிக் கெஞ்சினா."

ரெண்டு நாளாகப் பதில் போடவில்லை. செவ்வாய், புதன். அந்த இரண்டு நாளும் போன் என் பீரோவில் இருந்தது.

"போன்தான் என்கிட்ட இருக்கே, அப்புறம் எப்படி அவங்ககூடப் பேசுறா?"

"கரையான்சாவடியில ஒரு செல்போன் கடை இருக்கு மிஸ். அதுக்கப்புறம் அந்த அண்ணன்கிட்ட கேட்டு அவர் போன்லதான் பாக்குறா."

தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். போகிற வழியிலேயே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். பிள்ளையின் வீடு எந்தப் பகுதி என்று கேட்டார்கள். சொன்னேன். அது தங்கள் எல்லை இல்லை என்று இன்னொரு எண் கொடுத்தார்கள். அங்கே, பள்ளியிலிருந்து காணாமல் போனாளா வீட்டிலிருந்து போனாளா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் என்றேன். "நேர்ல வந்து எழுதிக் குடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

கடை பிரதான சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒடுங்கிப்போய் இருந்தது. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு போனைப் பிரித்துப் போட்டு உள்ளே ஊதிக்கொண்டிருந்தார். நான் பள்ளியின் பெயரைச் சொல்லி அவளைப் பற்றிக் கேட்டதுமே கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"காத்தால வந்துச்சு டீச்சர். நான் அப்பதான் ஷட்டரைத் தூக்கிகினு இருந்தேன். ஒரு அஞ்சு நிமிஷம் போன் குடுங்கண்ணான்னுச்சு. பாத்துட்டு, பருத்திப்பட்டு ஏரிக்கு எந்த பஸ்ஸுண்ணான்னு கேட்டுச்சு. இன்னாமா, ஸ்கூல் இல்லியான்னேன். ஃப்ரெண்ட் வருதுன்னுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"எட்டரை இருக்கும். இன்னா டீச்சர், எதுனா பேஜாரா?"

நான் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன மாசமே கேட்டுச்சு டீச்சர். நாம போட்டோவ அழிச்சிட்டா அவங்க போன்லயும் அழிஞ்சிடுமாண்ணான்னு. அழியாதும்மான்னேன். அதோட மூஞ்சியே மாறிப்போச்சு. ஏதோ சிக்கல்னு எனக்குப் பட்டுச்சு. ஆனா நான் இன்னான்னு கேக்கறது, யாருகிட்ட சொல்றது?"

பேசிக்கொண்டே ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். "ஏறுங்க டீச்சர். ஆட்டோவுக்கு நின்னா லேட்டாயிடும்."

முன்பின் தெரியாத ஒருவரின் பைக்கில், ஹெல்மெட் இல்லாமல், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னீர்குப்பம் மேம்பாலத்துக்குக் கீழே லாரிகள் நகரவில்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடி அங்கேதான் இருக்கிறது. தினமும் எரிச்சலோடு கடக்கிற நெரிசல்தான். அன்று எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் வண்டியை மண் ஓரத்தில் இறக்கி, பழ வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குப் போன் போட்டு, அம்பத்தூரிலிருந்து நேராக ஏரிக்கு வரச் சொன்னேன். பிறகு மூன்றாவதாக ஒரு காவல் நிலையத்தை அழைத்தேன். ஒரு பெண் உதவி ஆய்வாளர் எடுத்தார். எல்லையைப் பற்றி நானே ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க டீச்சர். புகார் அப்புறம் எழுதிக்கலாம். பொண்ணு என்ன டிரஸ்ல இருக்கா?"

அன்று காலையிலிருந்து பயனுள்ள கேள்வி என்று ஒன்றைக் கேட்டவர் அவர் மட்டும்தான்.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. காலை நடைக்கு வருகிறவர்கள் போய்விட்டார்கள். நடைபாதையில் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தார்கள். தூரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் சீருடை தெரிந்தது. புத்தகப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். "நீங்க போங்க டீச்சர். ஆம்பள நான் கிட்ட வந்தா அது பயந்துடும். நான் இங்க நின்னு வர்றவனப் பாத்துக்கறேன்."

நான் நெருங்கியதும் அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"போய்டுங்க மிஸ். கூட யாராவது வந்தா அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்கா."

"யாரும்மா அவ?"

"தெரியல மிஸ். பொண்ணுன்னுதான் நெனச்சேன்."

நான் உட்கார்ந்தேன். அவளையும் உட்கார வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல நடைபாதையின் இரண்டு பக்கமும் என் கண் ஓடிக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூரில் பிளஸ் டூ படிப்பதாகச் சொன்ன ஒரு தோழி. நான்கு மாதப் பழக்கம். படம் வரைவது, பாட்டு, அம்மாவோடு சண்டை, எல்லாம் பேசியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புது டிரஸ்ஸில் நான்கைந்து படம் அனுப்பியிருக்கிறாள். "அதை வச்சு…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பதில் போடணும் மிஸ். லேட்டானா எண்ண ஆரம்பிச்சிடுவா, பத்து, ஒம்பது, எட்டுன்னு. அதான் லேப்ல போன எடுத்தேன்."

ஐடி அட்டை தொங்கவிட்ட ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். நின்றார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தின. அவர் எழுந்து போய்விட்டார். பிறகு போன் பேசிக்கொண்டு ஒரு இளைஞன். பிறகு, எங்களையே பார்த்தபடி சைக்கிளில் ஒரு பெரியவர்.

"ரெண்டு மணி நேரமா இப்படித்தான் மிஸ். வர்ற ஒவ்வொருத்தரும் அவங்கதானோன்னு" என்றாள்.

உதவி ஆய்வாளர் சாதாரண சுடிதாரில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்து, என்னை யாரென்று தெரியாதவர் போல ஒரு பார்வை பார்த்தார். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "போதும். இந்தப் பிள்ளையை இன்னும் இங்க உக்கார வைக்க வேணாம்" என்றார். அன்று அங்கே யாரும் வரவில்லை.

நாங்கள் வாசலுக்கு வரும்போது அம்மாவின் ஆட்டோ வந்து நின்றது. கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார், தோளில் நூல் துணுக்குகள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாரமா போனைப் பூட்டி வச்சிருந்தீங்களே டீச்சர். எதுக்காகக் கேக்குறன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் பிள்ளையின் புத்தகப் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தேன்.

அன்று மதியம் புகார் எழுதியாயிற்று. உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போன மாசம் ஒரு அப்பா வந்தார் டீச்சர். இதே மாதிரிதான், கோயம்புத்தூர் தோழி. பொண்ணு பேரு வெளிய வரக் கூடாது, எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டுப் போய்ட்டார். உங்க ஸ்கூல்லயே வேற ஒரு பொண்ணுன்னுதான் ஞாபகம். நான் ஸ்கூலுக்குச் சொல்லியிருக்கணும். சொன்னா அவர் நம்பி வந்ததைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

உதவி ஆய்வாளர் சொன்னதால் பிள்ளையை அவர்களுடைய வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போனோம். சிறிய கிளினிக். அவர் பழைய அட்டையைத் தேடி எடுத்துப் படித்தார். இரண்டு மாதத்தில் மூன்று முறை வயிற்று வலி, தூக்கமின்மை, பசியின்மை. "மூணாவது தடவை எனக்குச் சந்தேகம் வந்தது. வயித்துல ஒண்ணுமில்ல, மனசுலதான் என்னமோன்னு. பக்கத்துல அம்மா நின்னாங்க, வெளிய இன்னும் பத்துப் பேர். கேக்காம விட்டுட்டேன்" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். கடைக்காரருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. டாக்டருக்குக் கொஞ்சம், போலீசுக்குக் கொஞ்சம், தோழிக்குக் கொஞ்சம். என் பீரோவிலேயே ஒரு பங்கு அதிர்ந்துகொண்டிருந்தது. இத்தனை பேரும் பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் ஒரே சாலையில்தான் இருக்கிறோம். ஒருவரை ஒருவர் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றிருக்கிறாள்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், இவர்கள் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை பள்ளியில் உட்கார வைக்க வேண்டும் என்றேன்.

"போலீஸ் சரி, டாக்டர் சரி. செல்போன் கடைக்காரரைப் பொண்ணுங்க ஸ்கூலுக்குள்ள கூப்பிடப் போறீங்களா?"

"அவர் இல்லன்னா நேத்து நமக்கு அவ கெடச்சிருக்க மாட்டா மேடம்."

"சொல்லாமக் கொள்ளாம ஸ்கூலை விட்டுப் போனீங்களே, அதுக்கு நான் மெமோ குடுக்கணும், தெரியுமா?"

"குடுங்க மேடம். கூட்டத்துக்கும் அனுமதி குடுங்க."

இரண்டையும் கொடுத்தார். மெமோ இன்னும் என் பணிப் பதிவேட்டில் இருக்கிறது.

கூட்டம் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. உயரமான ஸ்டூல்களில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் பெயரைச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் முன்பே வாக்கு வாங்கியிருந்தேன். அம்மா தானாகவே வந்தார். "நான் ஒரு அம்மா, அவ்வளவுதான். யாரோட அம்மான்னு கேக்காதீங்க" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

முதல் அரை மணி நேரத்தில் கூட்டம் உடைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பள்ளியில் போனே கிடையாது, வீட்டில் நடப்பதற்குப் பள்ளி எப்படிப் பொறுப்பாகும் என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு அறுபது நோயாளிகளைப் பார்க்கிற தன்னால் ஒவ்வொருவரிடமும் கதை கேட்க முடியாது என்றார் டாக்டர். எழுத்தில் இல்லாததை வைத்து நடவடிக்கை எடுத்தால் தன் வேலை போகும் என்றார் உதவி ஆய்வாளர். அப்புறம் டாக்டர் கடைக்காரரைப் பார்த்து, "சின்னப் பிள்ளைக்கு உங்க போனை ஏன் குடுத்தீங்க? முதல் தப்பு அதுதான்" என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"குடுத்தேன் சார். நான் குடுக்கலன்னா வேற எவன்கிட்டனா போய்க் கேட்டிருக்கும். சரி, நான் யாருகிட்ட சொல்றது, அத்தச் சொல்லுங்க. உங்க கிளினிக்குக்கு வந்து சொன்னா ஒக்கார வைப்பீங்களா? இந்த ஸ்கூல் வாட்ச்மேன் என்னிய கேட்டாண்ட நிக்க வுடுவாரா? ஒரு பொம்பளப் புள்ளயப் பத்தி நான் ஸ்டேஷன்ல போய்ப் பேசினா, மொதல்ல என்னியத்தான் உள்ள ஒக்கார வைப்பாங்க. இல்லன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

அவர் கதவுப் பக்கம் நடந்தார். அவர் போய்விட்டால் இது முடிந்தது என்று எனக்குப் பட்டது. தயார் செய்து வைத்திருந்த தாளை மடித்துவிட்டுப் பேசினேன்.

"போனை வாங்கினது நான். அது ரெண்டு நாள் அலறிச்சு. நாங்க சிரிச்சோம். அப்புறம் நான் அதை அணைச்சேன். என் கண்ணு முன்னாடியே அந்தப் பொண்ணு நாலு நாள் வந்து நின்னா. என் தப்பை நான் சொல்லிட்டேன். இனி யார் தப்புன்னு யாரும் யாரையும் கேக்க வேணாம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் கேட்டதை இங்கேயும் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கடைக்காரரிடம், "உக்காருங்கண்ணா" என்றார். அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு காரியத்துக்கு வந்தது. போனை வாங்குகிற ஆசிரியை அதே இடத்தில் வைத்து, "யாராவது உன்னை மிரட்டுறாங்களா?" என்று தனியாகக் கேட்க வேண்டும், பெற்றோர் வர ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று முடிவானது. மேசையைத் தட்டிக்கொண்டே தலைமையாசிரியை அதை ஏற்றுக்கொண்டார். இந்த வயதுப் பிள்ளைகள் காரணமில்லாத வலியோடு வந்தால் பெரியவர்களை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்வதாக டாக்டர் சொன்னார். சந்தேகம் வந்தால் கடைக்காரர் என்னை நேராகக் கூப்பிடலாம். பெயர் சொல்லாமலே உதவி ஆய்வாளரிடம் நான் யோசனை கேட்கலாம். "மத்த கடைக்காரனுங்ககிட்டயும் நான் பேசறேன். எல்லாம் நம்ம மாமே மச்சானுங்கதான்" என்றார் கடைக்காரர். அன்றுதான் முதல் முறையாக யாரோ சிரித்தார்கள்.

எல்லாம் நடந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். டாக்டர் மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை. கூப்பிட்டால் மட்டும் பேசுவார். பள்ளியில் என்னவோ நடந்திருக்கிறது, அதனால்தான் போலீஸ் வந்து போகிறது என்று பெற்றோர் இருவர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த ஒவ்வொரு மாற்றுச் சான்றிதழையும் தலைமையாசிரியை என் மேசையில் வைத்து, நான் பார்க்கும்படி கையெழுத்திட்டார்.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்துத்தான் வகுப்புக்கு வந்தாள். படங்கள் வகுப்புக்கு வந்து சேரவில்லை. வரும் வரும் என்று அவளும் நானும் பயந்த நாட்கள் எத்தனையோ. அவள் தோழி தினமும் காலையில் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டுவாள், இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது உதவி ஆய்வாளர் கூப்பிட்டார். ஆள் வேறொரு மாவட்டத்தில் மாட்டியிருந்தான். வேலை, மனைவி, குழந்தை எல்லாம் உள்ள ஆள். அவன் போனில் வேறு பிள்ளைகளின் படங்களும் இருந்தன. ஏரிக்கரைக்கு வரும் எண்ணமே அவனுக்கு இருந்ததில்லையாம். சொன்னபடி கேட்கிறாளா என்று பார்க்கத்தான் போகச் சொன்னானாம்.

அவளையும் அம்மாவையும் உட்கார வைத்து நானே சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு நான் சும்மாவே உக்காந்திருந்தேனா மிஸ்?"

"ஆமாம்மா."

"எனக்கு அவன் மேல வர்ற கோவத்தைவிட உங்க மேலதான் அதிகமா வருது. நீங்க ரொம்ப செஞ்சிருக்கீங்க, தெரியும். ஆனா வருது. போகுமான்னு தெரியல."

அம்மா அவளை அதட்டப் போனார். நான் வேண்டாம் என்று கையமர்த்தினேன். அவள் மனதில் இருப்பதை என் முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

போன மாதம் ஒரு மாலை நான்கு மணிக்கு, பள்ளி விட்டு நான் கிளம்பும் நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"டீச்சர், ஒரு பொண்ணு கடையில ஒக்காந்துகினு கீது. அழுவுது. நம்ம ஸ்கூல் இல்ல, வேற யூனிபாரம். போன எப்டி உடைக்கிறதுன்னு கேக்குது. ரிப்பேர் பாக்கறேன்னு சொல்லி ஒக்கார வச்சிக்கினு கீறேன். பத்து நிமிஷம் தாங்கும். வர்றீங்களா?"

வெளியே ஓடும்போது தலைமையாசிரியை வராந்தாவில் எதிரே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்ம ஸ்கூல் பொண்ணு இல்லையே என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அறைக்குள் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். "என் கார்ல போயிடலாம். அந்த எஸ்.ஐ.க்கு நீங்க போன் போடுங்க" என்றார்.

கரையான்சாவடி சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதற்குள் உதவி ஆய்வாளரிடம் சொல்லி முடித்திருந்தேன். கடை வாசலில் கடைக்காரர் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே கை காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் ஸ்டூலில் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை என்னை முந்திக்கொண்டு போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலி அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.